கிரேக்கப் பானைகளில் இருப்பவை ஹோமரின் கதைகளுக்கு வரைந்த படங்களா?

கேள்வி இதுதான்: பழங்கால கிரேக்கப் பானைகளில் காணும் புராணக் காட்சிகள், ஹோமர் பாடியதாகச் சொல்லும் இலியட், ஒடிசி காவியங்களுக்கு வரைந்த படங்களா? படத்தில் இருப்பவர் யார், எந்தக் கதை என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதல் பாதிக்குப் பதில்: இல்லை. ஹோமரைப் படித்துவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள்தான் இதில் அதிகம் குழம்புவார்கள். படித்ததற்கும் பார்ப்பதற்கும் பொருந்தாதபோது, ஓவியர் கதையைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று முடிவுகட்டிவிடுவார்கள். அந்தக் காலக் குயவர் தெருவில் யாரும் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வரையவில்லை. வீட்டில் கேட்டது, திருவிழாவில் பாடகர் பாடியது, மற்ற பட்டறைக்காரர் வரைந்தது, இதெல்லாம் சேர்ந்ததுதான் அவர்களுக்குக் கதை. அதில் தனக்குப் பிடித்த கணத்தை, பானையின் வளைவுக்குத் தகுந்தபடி அவர்களே அமைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. கிரேக்கர்கள் ட்ராய் நகரை முற்றுகையிட்ட போரின் முழுக் கதையும் இலியட்டில் கிடையாது. பத்தாவது ஆண்டின் சில வாரங்களைச் சொல்லி, ட்ராய் இளவரசன் ஹெக்டரின் இறுதிச் சடங்கோடு அது முடிந்துவிடுகிறது. மரக்குதிரை, நகரம் எரிவது, கிரேக்க வீரன் அக்கிலீஸின் சாவு, இன்னொரு வீரன் அயாக்ஸின் தற்கொலை எல்லாம் வேறு காவியங்களில் இருந்தன. அவை அழிந்துவிட்டன, பிற்காலத்தார் எழுதிவைத்த சுருக்கமும் சில வரிகளும்தான் மிச்சம். பானை ஓவியர்களுக்கோ அந்தக் கதைகள்மேல்தான் ஆசை அதிகம். அதனால் சில கதைகளுக்கு இன்று நம்மிடம் இருக்கும் மிகப் பழைய சாட்சியே ஒரு பானைதான்.

சரி, ஹோமரோடு நேராகப் பொருந்தும் ஒரு காட்சியையே முதலில் பார்ப்போம். தெய்வங்களின் தலைவன் ஜீயஸின் மகன் சர்ப்பீடோன், ட்ராய் பக்கம் நின்று போரிட்டு பாட்ரோக்ளஸ் என்ற கிரேக்க வீரன் கையால் சாகிறான். இலியட்டின் 16-ஆம் பாகத்தில், ஜீயஸ் சொன்னபடி அப்போலோ என்ற தெய்வம் வந்து உடலைத் தூக்கிப்போய் ஆற்றில் கழுவி, நறுமணம் பூசி, உறக்கம், மரணம் என்ற இரட்டைச் சகோதரர்களிடம் ஒப்படைக்கிறான். அவர்கள் அவனைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். இந்தக் காட்சியை ஏதென்ஸில் யூஃப்ரோனியஸ் கி.மு. 515 வாக்கில் ஒரு பெரிய சாடியில் வரைந்தார். மதுவும் தண்ணீரும் கலக்கும் சாடி அது. சுமார் 45 லிட்டர் பிடிக்கும். அதில் அப்போலோவையே காணோம். நடுவில் நிற்பவர் ஹெர்மிஸ், இறந்தவர்களை வழிநடத்தும் தெய்வம். உடலும் கழுவப்படவில்லை, மூன்று காயங்களிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருக்கிறது. சிறகு முளைத்த இரண்டு பேர் குனிந்து தூக்க, அந்தப் பெரிய உடல் படத்தின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு சரிகிறது. கழுவித் துடைத்த உடலாக வரைந்திருந்தால் இந்தக் கனம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். யூஃப்ரோனியஸுக்கு ஹோமர் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தெரிந்தும் தன் வழியில் சொன்னார், அவ்வளவுதான்.

மறுபக்கத்தில் ஏதென்ஸ் இளைஞர்கள் சிலர் கவசம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். போருக்குப் புறப்படுபவர்கள் ஒரு பக்கம், போரில் விழுந்தவன் இன்னொரு பக்கம். புத்தகங்களில் பெரும்பாலும் சர்ப்பீடோன் பக்கத்தை மட்டும் அச்சிடுவார்கள். பாதிப் பானையைத்தான் பார்க்கிறோம்.

படத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் காலம். சொல்லும்போது 'அப்புறம்' என்று சொல்லிக்கொண்டே போகலாம். படத்தில் அப்புறம் என்பதை எப்படி வரைவது? ஒடிசியில் வரும் ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸின் கதையில் இதற்கு ஓவியர்கள் கண்ட வழி சுவையானது. ஹோமர் சொல்லும் வரிசை: அவன் காவிய நாயகன் ஒடிசியஸின் ஆட்களைத் தின்கிறான், கொடுத்த மதுவைக் குடிக்கிறான், போதையில் சாய்கிறான், தூங்கும்போது கண்ணில் கழியைச் செருகுகிறார்கள். பாரிஸில் இருக்கும் ஒரு ஸ்பார்ட்டாக் கிண்ணத்தைப் பாருங்கள், கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் செய்தது. பாலிஃபீமஸ் உட்கார்ந்திருக்கிறான். அவன் கைகளில் தின்று மீந்த மனிதக் கால்கள் இரண்டு. எதிரே நிற்பவன் ஒரு கையால் மதுக் கிண்ணத்தை நீட்டுகிறான். அதே ஆள் மற்ற கையால், பின்னால் நிற்பவர்களோடு சேர்ந்து கழியைப் பிடித்திருக்கிறான். கழியின் முனை பாலிஃபீமஸின் நெற்றியைத் தொட்டுவிட்டது. தின்றது, குடித்தது, குருடானது மூன்றும் ஒரே கணத்தில். இது எந்த நிமிடம் என்று கேட்டால் பதில் இல்லை. கதை முழுதும் அங்கே இருக்கிறது.

ஏதென்ஸுக்கு அருகே எலியூசிஸில் கிடைத்த பெரிய சாடி இதற்கும் முந்தியது, கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. உயரம் 1.42 மீட்டர், ஒரு சிறுவனை உள்ளே வைத்துப் புதைத்திருந்தார்கள். கழுத்துப் பகுதியில் இதே காட்சி: பாலிஃபீமஸ் வாயைப் பிளந்து கத்துகிறான், ஒரு கை கழியைப் பிடிக்கப் பார்க்கிறது, மறு கையில் குடித்த கோப்பை. ஹோமர் சொன்னபடி தூங்கிக்கொண்டிருந்தால் கையில் கோப்பை இருக்க வாய்ப்பில்லை. போதையில் இருந்ததால்தான் மாட்டிக்கொண்டான் என்பதை ஓவியர் சொன்ன விதம் அது. தாக்குகிற மூன்று பேரில் ஒடிசியஸின் உடல் மட்டும் வெள்ளை. பெயர் எழுதாமலே தலைவன் யார் என்று தெரிந்துவிடுகிறது.

இனி, எழுத்தில் எங்கேயுமே இல்லாத காட்சிகள். இந்தத் துறையில் ஒரே ஒரு பானையைத்தான் பார்க்கலாம் என்றால் நான் கைகாட்டுவது வாட்டிகனில் உள்ள எக்ஸீகியஸின் சாடியை. கி.மு. 540-530 காலம். 'எக்ஸீகியஸ் என்னை வரைந்தார், செய்தார்' என்று பானையே பேசுவதுபோல விளிம்பில் எழுதியிருக்கிறது. அக்கிலீஸும் அயாக்ஸும் ஒரு தாழ்வான மேடையின் இருபுறமும் உட்கார்ந்து காய் உருட்டி விளையாடுகிறார்கள். இருவர் தோளிலும் ஈட்டிகள், கவசத்தைக் கழற்றவில்லை. வாயிலிருந்து சொற்கள் வருவதுபோல, அக்கிலீஸின் முன்னால் 'நான்கு' என்றும் அயாக்ஸின் முன்னால் 'மூன்று' என்றும் எழுதியிருக்கிறது. அக்கிலீஸ் தலைக்கவசம் அணிந்திருக்கிறான். அயாக்ஸின் தலைக்கவசம் பின்னால் கேடயத்தின்மேல் இருக்கிறது. இருவரின் கண்ணும் ஆட்டத்தைவிட்டு நகரவில்லை. மேலங்கிகளில் பூவேலை, நட்சத்திரம், கோலம்போன்ற வளைவுகள் எல்லாம் ஊசிமுனையால் கீறியவை. இவ்வளவு நுணுக்கமாக வேறு யாரும் கீறியதில்லை.

இப்படி ஓர் ஆட்டம் நடந்ததாக நம் கைக்கு வந்த எந்தக் கிரேக்க நூலும் சொல்லவில்லை. எக்ஸீகியஸே கற்பனை செய்தாரா, காணாமல் போன காவியத்திலிருந்து எடுத்தாரா என்று சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட பானைகளில் மற்றவர்கள் இதே காட்சியை வரைந்தார்கள். பார்க்கிறவனுக்கு மிச்சக் கதை தெரியும் என்ற நம்பிக்கையில்தான் இது நிற்கிறது. ஆட்டத்தில் ஜெயிக்கிற அக்கிலீஸ் முதலில் சாவான். அவன் உடலைப் போர்க்களத்திலிருந்து தோளில் சுமந்து வருபவன் இந்த அயாக்ஸ். அக்கிலீஸின் கவசம் தனக்குக் கிடைக்காமல் ஒடிசியஸுக்குப் போன அவமானத்தில் அவனும் உயிரை விடுவான். அந்தச் சாவையும் எக்ஸீகியஸ் வேறொரு சாடியில் வரைந்திருக்கிறார். அது பிரான்சின் பூலோன் நகரில் இருக்கிறது. மற்ற ஓவியர்கள் வாள் பாய்ந்து கிடக்கும் உடலை வரைவார்கள். எக்ஸீகியஸின் அயாக்ஸ் குந்தி உட்கார்ந்து, வாளை மேல்நோக்கி மண்ணில் நட்டு, அது சாயாமல் நிற்க மண்ணை அணைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் அவன் கேடயமும் தலைக்கவசமும். வேறு ஆள் யாரும் இல்லை.

இதுபோல இன்னும் உண்டு. டூரிஸ் வரைந்த ஒரு கிண்ணத்தின் உட்புறத்தில், தங்க ஆட்டுத்தோலைக் காக்கும் பெரும் பாம்பு, அந்தத் தோலைத் தேடிப்போன வீரன் ஜேசனைப் பாதி விழுங்கியோ பாதி கக்கியோ நிற்கிறது. அவன் தலையும் கைகளும் வாயிலிருந்து தொங்குகின்றன. எதிரே நிற்பது அவனுக்கு உதவிய மந்திரக்காரி மெடியா என்றுதான் எதிர்பார்ப்போம். நிற்பதோ கையில் ஆந்தையோடு அதீனா தெய்வம். ஜேசன் என்று பெயர் மட்டும் எழுதியிராவிட்டால் இந்தக் கதையே நமக்குத் தெரிய வந்திருக்காது. மெடியா மருந்தால் பாம்பைத் தூங்கவைத்த கதையை விரிவாகச் சொல்லும் காவியம் இந்தக் கிண்ணத்துக்கு இருநூறு ஆண்டு பிந்தியது.

பெயர் எழுதுவதைப் பற்றிச் சொன்னதும் ஃப்ளோரன்ஸில் உள்ள ஃப்ரான்ஸ்வா சாடிக்கு வந்தாக வேண்டும். கி.மு. 570 வாக்கில் எர்கோட்டிமஸ் வனைந்தார், கிளீட்டியஸ் வரைந்தார். இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 66 செ.மீ. உயரத்துக்குள் சுற்றிச் சுற்றி அடுக்கடுக்காக ஏறத்தாழ 270 உருவங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்துக் குறிப்புகள். அக்கிலீஸ் பதுங்கியிருந்து ட்ராயின் சிறுவன் ட்ராய்லஸைத் துரத்தும் அடுக்கில், தண்ணீர் எடுக்க வந்த அவன் அக்கா ஓடுகிறாள். அவள் போட்டுவிட்டுப் போன குடம் குதிரைகளின் காலடியில் கிடக்கிறது. அந்தக் குடத்துக்குப் பக்கத்தில் 'குடம்' என்று எழுதியிருக்கிறார் கிளீட்டியஸ். ட்ராயின் கிழ அரசன் பிரியாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் 'இருக்கை'. ஊற்று மண்டபத்தில் 'ஊற்று'. யாருக்கும் தெரியாத பொருள்களா இவை? எழுதத் தெரிந்தவரின் குதூகலம் என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்தச் சாடியின் முக்கிய அடுக்கு அக்கிலீஸின் பெற்றோரான பீலியஸ், தீட்டிஸ் கல்யாணம். தெய்வங்கள் தேரில் வரிசையாக வருகிறார்கள். நடுவே மதுவின் தெய்வமான டயோனிசஸ் தோளில் ஒரு பெரிய சாடியைச் சுமந்துகொண்டு, முகத்தை நம் பக்கம் திருப்பியிருக்கிறார். ஏறத்தாழ எல்லாரும் பக்கவாட்டில் இருக்கும்போது இவர் நம்மை நேராகப் பார்ப்பது திடுக்கிட வைக்கும். ஒடிசியில் ஒரு செய்தி வருகிறது: அக்கிலீஸின் எலும்புகளை வைத்த தங்கச் சாடி, டயோனிசஸ் தீட்டிஸுக்குக் கொடுத்த பரிசு. இங்கே அவர் சுமந்துவருவது அதுதான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். கைப்பிடிகளைப் பார்த்தால், இறந்த அக்கிலீஸை அயாக்ஸ் சுமந்துபோகிறான். பெற்றோரின் கல்யாணமும் பிள்ளையின் பிணமும் ஒரே பாத்திரத்தில். ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனிக் கதையாகப் பார்த்தால் இந்தத் தொடர்பு பிடிபடாது. (1900-ல் அருங்காட்சியகக் காவலர் ஒருவர் கோபத்தில் நாற்காலியை வீசி இந்தச் சாடியை 638 துண்டுகளாக உடைத்தார். ஒட்டவைத்ததைத்தான் இன்று பார்க்கிறோம்.)

இரண்டாவது பாதிக்கு வருகிறேன். எல்லாப் பானையிலும் பெயர் இருக்காது. இருந்தாலும் சில நேரம் வலமிருந்து இடமாக எழுதியிருக்கும், சில நேரம் அர்த்தமே இல்லாத எழுத்துக் கோர்வையாக இருக்கும். அப்போது உடையும் கையில் இருக்கும் பொருளும்தான் துணை. சிங்கத்தோலைத் தலைமேல் போர்த்தி, கதாயுதமோ வில்லோ வைத்திருந்தால் நாம் ஹெர்குலிஸ் என்று சொல்லும் ஹெராக்ளீஸ். தலைக்கவசம், ஈட்டி, பாம்புகள் நெளியும் மார்புப் போர்வை என்றால் அதீனா. சிறகு வைத்த காலணியும் தூதரின் கோலும் ஹெர்மிஸுக்கு; சூலம் பொசைடனுக்கு; ஐவிக் கொடியும் மதுக்கோப்பையும் டயோனிசஸுக்கு. பழைய கருப்பு உருவப் பாணியில் பெண்களின் தோலுக்கு வெள்ளை பூசுவார்கள், ஆண்கள் கருப்பு. வெள்ளை உதிர்ந்துபோன பானைகளில் அதீனாவின் முகம் வெறும் நிழலாகத் தெரிவது அதனால்தான்.

ஆனால் எல்லாவற்றையும் புராணமாக்கிவிடக் கூடாது. வண்டியில் மாப்பிள்ளையும் பெண்ணும் போனால் அது பீலியஸ் கல்யாணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஏதென்ஸில் நடந்த எந்தக் கல்யாணமாகவும் இருக்கலாம். ஓவியர்களே சில நேரம் இதை வேண்டுமென்றே மங்கலாக விட்டிருக்கிறார்கள்.

கருப்பு உருவப் பாணி என்றேன். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தப் பளபளக்கும் கருப்பு சாயமும் இல்லை, கண்ணாடிப் பூச்சும் இல்லை. பானை செய்த அதே இரும்புச் சத்துள்ள களிமண்ணை நீரில் கரைத்துத் தெளியவைத்து எடுத்த மிக நைசான குழம்பு. சூளையில் முதலில் காற்று விட்டுச் சுட்டால் எல்லாம் சிவக்கும். பிறகு காற்றை அடைத்து, புகையவைத்து, 900 டிகிரிக்கு மேல் ஏற்றினால் எல்லாம் கருக்கும். குழம்பு பூசிய இடம் மட்டும் உருகி இறுகிவிடும். கடைசியில் மறுபடி காற்று விட்டால், பூசாத இடம் திரும்பவும் சிவக்கும். இறுகிய இடத்துக்குள் காற்று புக முடியாததால் அது கருப்பாகவே நிற்கும். நேரம் தப்பினால் பானை முழுவதும் வீண். இந்தச் சூட்சுமத்தை நவீன ஆய்வாளர்கள் சரியாகப் பிடித்தது 20-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான்.

கொரிந்த் நகரில் தொடங்கிய கருப்பு உருவப் பாணியில் உருவம் நிழலாக இருக்கும், உள் விவரங்களைக் கீறித்தான் காட்டமுடியும். கி.மு. 525 வாக்கில் ஏதென்ஸ்காரர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள்: பின்னணியைக் கருப்பாக்கி, உருவத்தை மண்ணின் சிவப்பில் விட்டு, உள்கோடுகளைத் தூரிகையால் இழுத்தார்கள். மாறிய காலத்தின் பானை ஒன்று மியூனிக்கில் இருக்கிறது. ஹெராக்ளீஸ் விருந்துக் கட்டிலில் சாய்ந்திருக்க அதீனா எதிரே நிற்கும் காட்சி, ஒரு பக்கம் பழைய பாணியில், மறுபக்கம் புதிய பாணியில். தூரிகை வந்தபிறகு தசையும், திரும்பிய முதுகும், சாகிறவனின் பாதி மூடிய கண்ணும் வரையக்கூடியவை ஆயின. போட்டியும் சூடு பிடித்தது. யூதிமிடிஸ் என்ற ஓவியர், ஹெக்டர் கவசம் அணியும் காட்சிக்கு மறுபக்கத்தில் மூன்று குடிகாரர்கள் ஆடுவதை வரைந்து, 'யூஃப்ரோனியஸால் ஒருநாளும் இப்படி முடியாது' என்ற பொருளில் எழுதியே வைத்துவிட்டார்.

எந்தக் கதையை ஏன் வரைந்தார்கள் என்பதில் அரசியல் விளக்கங்கள் நிறைய உண்டு. கி.மு. 6-ஆம் நூற்றாண்டு முடியும் காலத்தில் ஏதென்ஸ் பானைகளில் தீசியஸ் திடீரென்று பெருகுகிறான். ஊரில் மக்களாட்சி பிறந்த காலமும் அதுதான். அவன் ஏதென்ஸின் சொந்த வீரன் என்பதால் இந்தத் தொடர்பை ஏற்கலாம். அதற்கு முன் ஹெராக்ளீஸ் பெருகியதற்கும் பெய்சிஸ்ட்ராட்டஸ் என்ற சர்வாதிகாரிக்கும் முடிச்சுப் போடுவதில்தான் எனக்குத் தயக்கம். ஏனென்றால் இந்தப் பானைகளை வாங்கியவர்களில் பெரும்பகுதி ஏதென்ஸ்காரர்களே இல்லை, இத்தாலியின் எட்ருஸ்கர்கள். அவர்களுக்கு ஹெராக்ளீஸ் பிடிக்கும். ஏதென்ஸில் யார் ஆட்சி என்பது அவர்களுக்கு எதற்கு?

முழுசாகக் கிடைத்த நல்ல பானைகள் பெரும்பாலும் எட்ருஸ்கக் கல்லறைகளில் கிடைத்தவை. 1828-ல் தொடங்கி இத்தாலியின் வுல்ச்சியில், நெப்போலியனின் தம்பி லூசியன் போனபார்ட்டின் நிலத்தில் ஆயிரக்கணக்கில் தோண்டி எடுத்தார்கள். இவற்றை எட்ருஸ்கரே செய்தார்கள் என்று நெடுங்காலம் நம்பியதும் அதனால்தான். (அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக்கடல் சாடிகளை இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை பல நூற்றாண்டு பிந்தியவை, மதுவும் எண்ணெயும் ஏற்றிவந்த வெறும் சரக்குச் சாடிகள்.) கல்லறை என்பதால் கொள்ளையும் உண்டு. மேலே சொன்ன சர்ப்பீடோன் சாடி 1971-ல் இத்தாலியின் செர்வெத்தெரி அருகே திருட்டுத்தனமாகத் தோண்டப்பட்டது. 1972-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது; 2008-ல் இத்தாலிக்குத் திருப்பியது. யாருடைய கல்லறை, கூட என்னென்ன இருந்தது என்ற செய்தி போனது போனதுதான்.

பானை கடைசியில் எதற்குப் பயன்பட்டது என்பதும் காட்சியின் பொருளை மாற்றும். நேப்பிள்ஸில் உள்ள ஒரு தண்ணீர்க்குடம், கிளியோஃப்ராடிஸ் ஓவியர் என்று ஆய்வாளர்கள் பெயரிட்டவர் கி.மு. 480 வாக்கில் வரைந்தது. தோளைச் சுற்றி ட்ராய் விழும் இரவு: பலிபீடத்தில் உட்கார்ந்த பிரியாம் தலையைக் கைகளால் பொத்திக்கொள்கிறான், மடியில் வெட்டுண்ட பேரன், எதிரே வாளை ஓங்கிய அக்கிலீஸின் மகன். பக்கத்தில் பிரியாமின் மகள் கஸாண்ட்ரா அதீனா சிலையைக் கட்டிக்கொண்டிருக்க, ஒரு கிரேக்க வீரன் அவளைப் பிடித்து இழுக்கிறான். ஒரு ட்ராய் பெண் உலக்கையைத் தூக்கிக்கொண்டு வீரன்மேல் பாய்கிறாள். வரைந்தவர் கிரேக்கர், கொடுமை செய்பவர்களும் கிரேக்கர். பாரசீகர்கள் ஏதென்ஸை எரித்த ஆண்டு கி.மு. 480; ஓவியர் அதைக் கண்டபின்தான் வரைந்தார் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் அந்த நினைப்பைத் தவிர்ப்பதும் கஷ்டம். இத்தாலியின் நோலாவில் கண்டெடுத்தபோது குடத்துக்குள் இருந்தது எரித்த சாம்பல்.

நீங்களே பார்த்துப் பழக வேண்டுமென்றால் ஆக்ஸ்ஃபோர்டின் பீஸ்லி ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கையெழுத்தே போடாத ஓவியர்களைக் காது, முழங்கால், துணி மடிப்பு வரையும் கைப்பழக்கத்தை வைத்துப் பிரித்து அடையாளம் சொன்ன ஜான் பீஸ்லியின் பெயரில் இருப்பது. தேடும்போது ஒரு படத்தோடு நிறுத்தாமல் அதே பானையின் மறுபக்கம், கைப்பிடிக்குக் கீழே, கிண்ணமாக இருந்தால் உட்புறம், எல்லாவற்றின் படங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கதையை யோசிப்பதற்கு முன்னால் அது சாடியா, குடமா, கிண்ணமா, எங்கே கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். யார் எவர் என்ற ஆராய்ச்சியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.